விரல்மேல் விழுந்த குதிகால்

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று நானே சொல்லிக்கொள்வதில் அந்தக் காலத்தில் எனக்கு வெட்கமே இருந்ததில்லை. பினாங்குத் துறைமுகத்தில் கிராணி வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளின் மேல் குத்தியிருக்கும் அடையாளங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. முக்கோணத்துக்குள் ஓர் எழுத்து, வட்டத்துக்குள் இரண்டு கோடு, கட்டத்துக்குக் கீழே ஒரு புள்ளி என்று ரங்கூன் அரிசி ஆயிரம் வேஷத்தில் வரும். மற்ற கிராணிகள் பென்சிலை நக்கி நக்கி எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு பார்வை பார்த்து வைத்துக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலையும் போட்டுக்கொண்டு சாவகாசமாக எழுதுவேன். பிசகியதே இல்லை. துரை என்னை இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு என் வழிக்கே வரவில்லை. அப்படிப்பட்டவன்தான், அந்த ஞாபகத்தையே நம்பி, கூடப்பிறந்தவளின் கல்யாணத்தை நிறுத்தினேன்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, சூலியா தெருவுக்குப் பின்புறச் சந்தில், ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தோம். தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அவள் வாயும் அந்தத் தையல் மிஷின் மாதிரிதான். ஓட ஆரம்பித்தால் துணி முடிகிற வரைக்கும் நிற்காது.

அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை என் சிநேகிதன், தொங்கான் தண்டல். ஆழத்தில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு சுமக்கிற பெரிய படகுதான் தொங்கான். அதன் ஆட்களுக்குத் தலைவன் தண்டல். துறைமுகத்துப் பேச்சு அவனுக்கு, வார்த்தைக்கு வால் மாதிரி ஒரு 'லா' போடுவான். அவன் படகில் நான் மூட்டைகளைக் குறித்து ஐந்தாறு வருஷமாகியிருந்தது. ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, நிஜமாகவே மச்சான் ஆகிவிடலாமே என்ற நிலைக்கு வந்திருந்தோம். கிராணி வீட்டுப் பெண்ணைப் படகுக்காரனுக்கா கொடுப்பது என்று ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் வாயை அடைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என் மனத்திலும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தாம்பூலம் மாற்றியாயிற்று. தை பிறந்தால் கல்யாணம். அவன் கீழே தெருவில் வருகிறான் என்றால் மேலே மிஷின் சத்தம் தானாக நின்றுவிடும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை. ரங்கூன் கப்பல் ஒன்று வந்து தூரத்தில் நின்றிருந்தது. வெல்டு கீ படித்துறையிலிருந்து நானும் தண்டலும் சம்பான் என்ற சின்னத் துடுப்புப் படகில் கிளம்பினோம். தொங்கானை நெருங்கும்போது சுமத்ராக் காற்று அடித்தது. சுமத்ராத் தீவுப் பக்கத்து வானம் கறுத்து, ஒரு நிமிஷத்தில் கடலையே தலைகீழாக்கிவிடும் மழைக்காற்று அது. சம்பான் கவிழ்ந்தது. இவ்வளவு மட்டும் எனக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

எனக்கே ஞாபகம் இருந்தது வேறு. தொங்கானின் விளிம்புக் கட்டையை என் வலது கை பற்றியிருக்கிறது. இடுப்புக்குக் கீழே தண்ணீர் இழுக்கிறது. வாயில் உப்பு. அண்ணாந்து பார்க்கிறேன். மேலே ஒரு கால். வெடித்த குதிகால், அந்த வெடிப்பில் தார். நடுவிரலில் பாதி நகம் இல்லை. அது என் சிநேகிதனின் கால் என்று எனக்குத் தெரியும். அந்தக் கால் இறங்கி என் விரல்கள்மேல் மிதிக்கிறது. எலும்பு நொறுங்கும் சத்தம் காதுக்குள் கேட்கிறது. அதோடு சரி. மறுபடி கண் விழித்தபோது அரிசி மூட்டைகளின் மேல் கிடந்தேன், மழை முகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

என்னை யார் தூக்கினார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று, ஒன்றும் தெரியாது. நான் யாரையும் கேட்கவும் இல்லை. எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறதே.

ஆஸ்பத்திரியில் ஒடிந்த இரண்டு விரல்களுக்கும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். அன்று சாயங்காலமே அவன் வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மச்சான், ஒன் விரலு என் காலாலதான் ஒடிஞ்சுச்சு. எழுதுற கையின்னு தெரியும். மனசு கேக்கலலா" என்றான்.

அடப்பாவி, வாயாலேயே ஒத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இனிமே எங்க வீட்டுப் படி ஏறாத" என்றேன். திரும்பிப் பார்த்தபோது பழம் மட்டும் இருந்தது. அடுத்த கட்டில்காரர் அதைத் தின்றார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் சொன்னேன். தண்ணீரில் தத்தளிக்கிறவன் பிடித்த கையை மிதித்துத் தள்ளிவிடப் பார்த்தவனுக்கு உன்னைக் கொடுக்கமாட்டேன் என்றேன். அவள் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எதுக்குண்ணே தள்ளணும்? அவருக்கு என்ன பயன்?"

"பயந்துபோனவன் எதையும் செய்வான். நானும் ஏறினா படகு கவுந்துரும்னு நெனச்சிருப்பான்."

"அம்மாம் பெரிய தொங்கான் நீ ஒருத்தன் ஏறினா கவுந்துருமா?"

பதில் சொல்லத் தெரியாதபோது அண்ணன்மார் செய்வதையே நானும் செய்தேன். சத்தம் போட்டேன். தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினேன். காரணம் கேட்டு ஆள் வந்தபோது, காரணம் அவனுக்கே தெரியும் என்று சொல்லியனுப்பினேன். விரலை ஒடித்ததற்காகத்தான் கிராணிக்குக் கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவனும் ரோஷக்காரன், இரண்டாம் தடவை வரவில்லை. தங்கை அழுததை நான் பார்க்கவில்லை. மிஷின் மட்டும் முன்னைவிட வேகமாக ஓடியது.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் நான் சரியாக இல்லை. கை குணமாகிவிட்டது. இரண்டு விரல்களும் கோணலாகத்தான் சேர்ந்தன, ஆனாலும் எழுத வந்தது. என்னைக் கரையிலேயே கிடங்கு மேசைக்கு மாற்றியிருந்தார்கள். உடம்புதான் சொன்னபடி கேட்கவில்லை. தெருவில் யாராவது தார் காய்ச்சினால் போதும், அந்த வாசனைக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும். வெறுங்காலுடன் யாராவது மாடிப்படி ஏறி வந்தால் என் விரல்கள் தாமாக மடங்கும். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தால்கூட, அந்தக் கால் அப்படியே கண் முன்னால் வந்து நிற்கும். அதே வெடிப்பு, அதே தார். இத்தனை தெளிவாக இருப்பது எப்படிப் பொய்யாக இருக்க முடியும் என்று நினைத்தேன். தெளிவையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

தங்கை மட்டும் விடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது, "அன்னிக்கு என்னாச்சுன்னு சொல்லேன்" என்பாள். நானும் சொல்வேன். சொல்வதில் எனக்கு ஒரு வஞ்சகமான சுகம் இருந்தது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். நான் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்து, "அப்பத்தான் அவன் என்னக் குனிஞ்சு பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான்" என்றேன்.

அகப்பை அந்தரத்தில் நின்றது.

"மொத மாசம் சொன்னப்ப காலு மட்டுந்தான் தெரிஞ்சுச்சுன்ன. தீவாளி கழிச்சு, பாத்தான்னு சொன்ன. இப்ப சிரிச்சானா? பொங்கலுக்கு என்ன செய்வாரு, பாட்டுப் பாடுவாரா?"

எனக்குச் சுருக்கென்றது. சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். கோபம் அவள்மேல் இல்லை. அந்தச் சிரிப்பை நான் சத்தியமாகப் பார்த்திருந்தேன். பல்வரிசைகூடத் தெரிந்தது. ஆனால் முதல் மாதம் அது இல்லை என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூட்டை அடையாளத்தில் ஒரு கோடு தானாக முளைத்தால் ஒரு கிராணிக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இருந்தும் கௌரவம் விடவில்லை. சிரிப்பு வேண்டுமானால் பிசகாக இருக்கட்டும், மிதித்தது பிசகா, இதோ விரல் கோணலாக இருக்கிறதே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். தையும் வந்து போயிற்று.

மாசி மாதத்தில் நானா திரும்பி வந்தார். தோளில் காவடி மாதிரி சுமக்கும் கண்டார்க் கம்பில் ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புச் சட்டிகளுமாகத் தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் சோறு விற்கிறவர். நாகூர்ப் பக்கத்து ஆள். நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல கனத்த உடம்பு. அவர் ஆறு மாதமாக ஊருக்குப் போயிருந்தார் என்று தெரியும், ஏன் போனார் என்று நான் யோசித்ததில்லை. ஒரு மத்தியானம் கிடங்கு வாசலில் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து அவர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் விரல்களைப் பார்த்து நாக்கைத் தட்டினார்.

"கோணலாத்தான் சேந்துருக்கு. பரவால்லலா, தம்பி. அன்னிக்கு அவன் மட்டும் அமுக்கலன்னா விரலு நேராத்தான் இருந்திருக்கும். ஆளுதான் இருந்திருக்காது."

கையிலிருந்த கவளத்தை இலையில் போட்டேன். "யாரு அமுக்கினா? ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு என்ன தெரியுமா? நல்லா இருக்கே! நானும் ஒங்கூடத்தான தண்ணியில கெடந்தேன்."

நான் அவரை உற்றுப் பார்த்தேன். "நீங்க சம்பான்ல இல்லியே, நானா."

"இல்லியா? எம் மீன் கொழம்பு வாசத்துக்குக் கப்பலே கரைக்கு வந்துரும், நாம ஏன் போறோம்னு வழி பூரா கிண்டல் பண்ணிக்கிட்டு வந்தது யாரு? எம் முட்டி ஒந் தொடையில இடிச்சு இடிச்சு, தள்ளி ஒக்காருங்கன்னு மூணு வாட்டி சொன்ன. ரெண்டு சட்டி, ஒரு பானை, எல்லாம் கடலுக்குப் போச்சு. நான் ஒருத்தன்தான் மிச்சம்."

மனத்தைத் துழாவினேன். ஒன்றும் இல்லை. அவ்வளவு பெரிய மனுஷர், சட்டியும் பானையுமாக, என் தொடையில் முட்டி இடிக்க வந்திருக்கிறார். என் ஞாபகத்தில் அவர் உட்கார்ந்த இடத்தில் வெறும் பலகைகூட இல்லை. நகம் பாதி போன ஒரு கால்விரலை மட்டும் அது பத்திரமாக வைத்திருந்தது.

நானா எழுந்து நின்று நடித்துக் காட்டினார். அவருக்கு அது நூறாவது தடவையாக இருக்கவேண்டும். தண்டல் முதலில் தொங்கானில் ஏறிவிட்டான். அடுத்து நான் விளிம்பைப் பிடித்தேன். அதற்குள் காற்று வந்து சம்பான் நழுவிக் கவிழ்ந்தது. நீச்சல் தெரியாத நானா முங்கினார். தண்டல் குனிந்து இரண்டு கையாலும் அவருடைய சட்டையையும் இடுப்பு வாரையும் பற்றிக்கொண்டான்.

"ரெண்டு கையும் எம் மேல. நான் இருக்குற கனத்துக்கு ஒரு கைய எடுத்தா நான் போயிருவேன். நீ அந்தப் பக்கம் வழுக்கிக்கிட்டு இருக்க. கட்டையெல்லாம் மழத் தண்ணி. ஒங் கை நழுவுது. அவங்கிட்ட வேற என்ன இருக்கு? காலுதான். கயித்த மிதிச்சு நிறுத்துற மாதிரி ஒங் கைய மிதிச்சு நின்னுக்கிட்டான். நாலு பேரு ஓடி வந்து ஒன்னத் தூக்குற வரைக்கும் எடுக்கலலா. விரல் ஒடியிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அவன் அழுதான், தம்பி. அழுதுக்கிட்டே நின்னான். முங்கும்போதே நாகூர் தர்காவுக்கு நேந்துக்கிட்டேன், அதான் ஓடுனேன். வந்து பாத்தா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லங்கிறாங்க. அவன் என்னடான்னா வர்ற வெள்ளிக்கெழம போர்ட் சுவெட்டன்ஹாமுக்கே வேலைக்குப் போறானாம்."

இலையை மூடிவிட்டு எழுந்தேன். கையைக் கழுவினேனா என்பது ஞாபகம் இல்லை.

படித்துறையில் அவன் தொங்கானிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. நான் தூரத்திலேயே நின்றேன். கரைக்குத் தூக்கும் மூட்டைகளை அவன் இரண்டு கையாலும் தாங்கித் திருப்புகிறான். படகைக் கரையோடு பிடித்திருக்கும் கயிறு நழுவப் பார்க்கிறது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. வலது குதிகால் போய் அதன்மேல் அழுந்தி நிற்கிறது. படகு நகரவில்லை. அங்கே இருந்த ஒவ்வொரு தொங்கான்காரனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். கை இரண்டும் வேலையாக இருந்தால் மூன்றாவது கை குதிகால்தான். ஐந்தாறு வருஷம் தினமும் அதன் எதிரில் நின்று மூட்டைகளின் முக்கோணத்தையும் வட்டத்தையும் மனப்பாடம் செய்தவன் நான். அவர்கள் கால் செய்யும் வேலையை ஒருநாளும் கவனிக்கவில்லை. கிராணிக்கு அதைப் பார்க்கிற வழக்கம் ஏது?

பயம் வந்த நேரத்தில் மூளை ஒன்றையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் நழுவ விட்டுவிடுமாம், படித்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். இருக்கலாம். என் மூளை ஒரு குதிகாலைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கால் எதற்காக இறங்கியது என்பதை அது பார்த்து வைக்கவில்லை. அதை நானாக எழுதிக்கொண்டேன். படகுக்காரனுக்கா பெண் என்ற கேள்வி மனத்தின் மூலையில் உட்கார்ந்திருந்ததே, அதுதான் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்திருக்கும். பயத்தைக்கூட மன்னிக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவன் வேலை முடித்து ஏறி வந்தான். என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகப் பார்த்தான். வழியை மறித்தேன்.

"நீ என்னத் தள்ளிவிடத்தான் மிதிச்சன்னு நெனச்சுட்டேன்" என்றேன். இதைவிட நன்றாகச் சொல்ல வரவில்லை.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. "தள்ளிவிடவா? ஒன்னயா?" என்றான். "விரலுக்காகக் கோவம்னுல்ல நான் நெனச்சேன். ஆறு மாசமா இதையா மனசுல வச்சிருந்த? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, மச்சான்?"

"கேக்கல. எல்லாம் தெரியும்னு நெனச்சேன். என் தப்புதான்."

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபமாகத்தான் இருந்தான். நாலு அடி கொடுத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கடைசியில், "ஒந் தங்கச்சியும் அப்படித்தான் நெனச்சாளா?" என்று கேட்டான்.

"இல்ல. மொத நாள்லேருந்தே அவ நம்பல. என்னத்தான் கேள்வி கேட்டே கொன்னா."

அவன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்துவிட்டு லேசாகச் சிரித்தான். "அப்ப வெள்ளிக்கெழம கப்பலுக்குப் போகலன்னு ஆள் சொல்லி அனுப்பணும்" என்றான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதைத் தங்கை கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு மிஷினில் போய் உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "இப்ப சிரிச்சாரா?" என்றாள். சிரித்தான் என்றேன். "அது நெசமா, இல்ல நீயா போட்டதா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

வைகாசியில் கல்யாணம். கீழே ஜவுளிக்கடைக்காரர் ஒழித்துக்கொடுத்த கூடத்தில் இடம் போதாமல் அஞ்சடி நடைபாதை வரைக்கும் பாய் விரித்தோம். நானா சமையல்காரர்களை அதிகாரம் பண்ணிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் அவன் காலைக் கழுவி உள்ளே அழைத்துவருவது எங்கள் வழக்கம். தாம்பாளத்தில் அவன் காலை எடுத்து வைத்தான். நான் செம்பும் கையுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

வெடித்த குதிகால். எவ்வளவு தேய்த்துக் குளித்திருந்தாலும் வெடிப்புக்குள் தார் இருந்தது. பாதி நகமும் அப்படியே. எல்லா உண்மையும் தெரிந்த பிறகும் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு விரல்களும் தாமாக மடங்கின. புத்திக்குப் புரிந்தது உடம்புக்கு இன்னும் எட்டவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தேன். பின்னால் பெண்கள் குசுகுசுப்பது கேட்டது. மெல்ல விரல்களை விரித்து அந்தக் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன். சுடச்சுட இருந்தது, கனமாக இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். செம்பு காலியான பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை. படபடப்பு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டு வந்தது. அது முழுதும் அடங்கட்டும் என்று இருந்தேன்.

அவன் குனிந்து என் காதோடு சொன்னான். "போதும் மச்சான், எல்லாரும் பாக்குறாங்க. கால விடுலா."

"அன்னிக்கு நீ விட்டியா?" என்றேன்.

அவன் நிமிர்ந்து நின்றுகொண்டான். காலை இழுத்துக்கொள்ளவில்லை.